ஐம்பதுக்கு மூன்று குறைவு

முகத்தில் பூசும் தனக்கா மரப்பட்டையை அரைக்கும் அந்தக் கல் கூடத்துச் சன்னலோரம் இருக்கும். நகரத்தில் மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில், ரயில் பாதைக்குப் பின்னால், எங்கள் கல்லூரிப் பெண்கள் சிலர் சேர்ந்து நடத்திய வீடு அது. சகோதரிகள் வீடு என்போம். புதிதாக ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டால், மூத்தவள் அந்தக் கல்லில் தனக்கா இழைத்து அவள் கன்னத்தில் பூசுவாள். பூசாவிட்டால் தேநீரைக் குடித்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். அந்த மூத்தவளை எல்லாரும் மமா என்றே கூப்பிட்டோம், பர்மியப் பேச்சில் அக்கா. எல்லாப் பாடத்திலும் குறைந்தது ஐம்பது மதிப்பெண் வேண்டும் என்பது விதி. ஆனால் மதிப்பெண் தாளைக் கேட்க மாட்டார்கள். "தங்கச்சி வாயால சொன்னா போதும்" என்பாள் மமா, பெருமையாக.

நான் அக்கா என்று கூப்பிட்டது என் சித்தி மகளை. என்னைவிட ஒரே மாதம் மூத்தவள், அந்த ஒரு மாதத்தை அவள் விட்டுக்கொடுத்ததே இல்லை. எங்கள் ஊரான கியாக்தானிலிருந்து இருவரும் பஸ்ஸில் வந்து படித்தோம். திரும்பும்போது ஆற்றுப் பாலத்தருகே ராணுவச் சோதனை. துப்பாக்கியோடு ஏறுவார்கள், பையைக் கிளறுவார்கள், போனை வாங்கிப் பார்ப்பார்கள். சில நாள் யாரையாவது இறக்கிக்கொண்டு பஸ்ஸைப் போகச் சொல்வார்கள். காலியான அந்த இருக்கையில் ஊர் வரும்வரை யாரும் உட்கார மாட்டோம். நான் பையை மடியில் இறுக்கிக்கொண்டு தலை குனிந்திருப்பேன். அவளோ வெளியே பார்த்தபடி பொரித்த பட்டாணி கொறிப்பாள். உனக்குப் பயமே கிடையாதா என்றால், "பயந்தா பஸ் சீக்கிரம் போகுமா?" என்பாள். சகோதரிகள் வீட்டில் இடம் கிடைத்தால் தினமும் அந்தப் பாலத்தைக் கடக்க வேண்டாம். வேறெதற்காகவும் நாங்கள் அங்கே போகவில்லை.

முதலாண்டு முடிவு வந்ததும் போய் உட்கார்ந்தோம். என் மதிப்பெண்களைச் சொன்னேன், கன்னம் குளிர்ந்தது. அக்காவுக்கு வேதியியல் காலை வாரியிருந்தது. பொய் சொல்லித் தொலையேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன். "நாற்பத்தாறு, மமா" என்றாள். மமாவின் விரல்கள் கல்லிலேயே நின்றுவிட்டன. அவள் கெட்டவள் இல்லை, கண் கலங்கத்தான் செய்தாள். "ஒருத்திக்கு வளைஞ்சா அப்புறம் இந்த வீட்டுக்கு என்னம்மா மதிப்பு? அடுத்த வருஷம் வா" என்றாள்.

அந்த ஒரு வருஷம் அக்கா தனியாகப் பஸ்ஸில் போய்வந்தாள், நான் சகோதரிகள் வீட்டு மெத்தையில் படுத்துப் பயந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம். ஊரில் வீடு சேர்ந்ததும் அக்கா என் போனில் ஒரே ஒரு முறை மணி அடித்து நிறுத்துவாள். சிக்னல் இல்லாத நாட்களில் நான் சோற்றைத் தொடமாட்டேன். மறுநாள் காலை வகுப்பு வாசலில் அவளைப் பார்த்தால் கோபம்தான் வரும். ஏன்டி இத்தனை யோக்கியம் உனக்கு என்று திட்டியிருக்கிறேன். சிரித்துக்கொண்டே பட்டாணியை நீட்டுவாள்.

அடுத்த ஆண்டும் வேதியியல் அவளை விடவில்லை. நாற்பத்தேழு. எனக்குத் தெரியும், நானும் அவளோடு நின்று முடிவைப் பார்த்தேனே. மறுபடி கூடத்தில் உட்கார்ந்தோம். மமா ஒவ்வொரு பாடமாகக் கேட்டு வந்து, "வேதியியல்?" என்றதும் அக்கா வாயைத் திறந்தாள். அவளுக்கு முன்னால் நான் முந்திக்கொண்டேன். "ஐம்பத்தெட்டு மமா, என்னைவிட ஜாஸ்தி." என் குரல் எனக்கே கேவலமாகக் கேட்டது. மமா மலர்ந்துபோய் அவள் இரண்டு கன்னத்திலும் பூசினாள். மற்றவர்கள் கைதட்டினார்கள். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு புறங்கையால் கன்னத்தைத் துடைத்தாள். "நாற்பத்தேழு, மமா. இவ சும்மா சொல்றா." பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

மமா என்னிடம் ஏதோ கேட்டாள். காதில் விழவில்லை. செருப்பைக்கூட மாட்டாமல் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். கிளம்பிவிட்ட பஸ்ஸில் தொற்றி ஏறி அவள் பக்கத்தில் போய் விழுந்தேன். "உனக்கென்னடி கேடு, இடத்தை விட்டுட்டு?" என்றாள். நான் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டேன். அன்றுமுதல் படிப்பு முடியும்வரை எனக்கும் அந்தப் பஸ்தான் என்றானது.

அன்றும் பாலத்தருகே வண்டி நின்றது. பூட்ஸ் கால்கள் ஏறும் சத்தம் கேட்டு, முதல்முறையாக அவள் கையைப் பிடித்தேன். அவள் வழக்கம்போல வெளியே பார்த்துக்கொண்டு பட்டாணியை மென்றுகொண்டிருந்தாள். கை மட்டும் வெடவெடவென்று நடுங்கியது, என் கையைவிட அதிகமாக.