தாங்குதிறன் பயிற்சிக்குப் போன மூன்று நாள்

குன்னூரில் நாங்கள் குடியிருந்த சரிவுக்குச் சாலை கிடையாது. மேல்வரிசை வீடுகளிலிருந்து பஸ் போகும் தெருவுக்கு வர இருநூறு படிக்கு மேல் இறங்க வேண்டும். நோயாளி என்றால் தூக்கித்தான் இறக்க வேண்டும். அதற்காகத்தான் எங்கள் சங்கம். ஏழு ஆண்கள், ஒரு பிரம்பு நாற்காலி, அதன் இருபுறமும் கட்டிய மூங்கில் கழிகள். யாராவது குரல் கொடுத்தால் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓடுவோம். தொழிற்சாலை ஆபீசில் எழுத்தராக இருந்த எனக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுத வரும் என்பதால் என்னைச் செயலாளர் ஆக்கியிருந்தார்கள்.

நாற்காலியின் பிரம்பு அறுந்து தொங்க ஆரம்பித்ததும், புதிது ஒன்று வாங்க உதவி கேட்டுச் சென்னையிலிருந்த ஓர் அறக்கட்டளைக்கு எழுதினேன். பொருள் வாங்கித் தருவதில்லை, ஆனால் சிறு அமைப்புகள் நெருக்கடியிலும் குலையாமல் நிற்பதற்கான தாங்குதிறனை வலுப்படுத்த நிதி இருக்கிறது, விண்ணப்பியுங்கள் என்று பதில் வந்தது. எங்கள் தலைவர் காய்கறி மண்டியில் மூட்டை தூக்குகிறவர். கடிதத்தைப் படித்துக் காட்டியதும் யோசித்தார்.

"தாங்கறதுன்னா எதுங்க, நாற்காலியா, நாமளா?"

நாம்தான் என்றேன்.

"அப்ப நாற்காலி?"

"அது இதுல வராதாமுங்க."

விண்ணப்பித்தோம், கிடைத்தது. அடுத்த சில மாதங்கள் நான் எழுதியதைப்போல ஆபீசில்கூட எழுதியதில்லை. மூன்றாண்டுத் திட்டம், இடர்ப் பட்டியல், தலைவருக்குப் பின் யார் என்பதற்கு ஒரு கொள்கை, சொத்துப் பாதுகாப்புக்கு ஒரு கொள்கை. எங்களுக்கிருந்த சொத்து அந்த நாற்காலி ஒன்றுதான். அதுவரை தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், படியோரமாகச் சும்மா கிடந்தது. கொள்கைப்படி அதைப் பூட்டி வைக்க வேண்டும், சாவி செயலாளரிடம் இருக்க வேண்டும். என் வீட்டுக்குப் பின்னாலிருந்த விறகுக் கொட்டகையில் வைத்துப் பூட்டினோம். பூட்டு நிர்வாகச் செலவில் வரும் என்பதால் நல்லதாகவே வாங்கினோம்.

பிறகு ஊட்டியில் மூன்று நாள் பயிற்சி. பாதிப் பேர் போனால் போதாது, அமைப்பு முழுவதும் வர வேண்டும் என்றார்கள். ஏழு பேரும் ஸ்வெட்டரைத் துவைத்துப் போட்டுக்கொண்டு போனோம். ஓட்டல் அறை, மெத்தை, மதியம் ஐஸ்கிரீம். பயிற்சி தந்த பெண் தங்கமானவர். இரண்டாம் நாள் காலையில் எல்லோருடைய போனையும் ஒரு கூடையில் வாங்கி வைத்துவிட்டு, பெரிய தாள்களைக் கொடுத்து ஒரு கேள்வி கேட்டார். நீங்கள் அத்தனை பேரும் திடீரென்று ஒருநாள் இல்லாமல் போனால் உங்கள் மக்களுக்கு என்ன ஆகும்? நாங்கள் தலையோடு தலை சேர்த்து யோசித்தோம். துணைக்குழு அமைக்கப்படும் என்று பச்சை மையில் எழுதினேன். அறை முழுக்கக் கைதட்டினார்கள்.

டீ இடைவேளையில் போனை எடுத்தால் என் மனைவி பதினோரு முறை கூப்பிட்டிருந்தாள். பதறிக்கொண்டு திரும்பக் கூப்பிட்டேன். மேல்வரிசைத் தபால்காரருக்கு நெஞ்சுவலி என்றாள். அவர் ஓய்வுபெற்றுத் தனியாக இருப்பவர். இதோ வருகிறோம் என்றேன்.

"எறக்கியாச்சுங்க. ஆஸ்பத்திரில சேத்தாச்சு. நல்லாருக்காரு. நீங்க இருந்து படிச்சுட்டே வாங்க."

நடந்ததைத் திரும்பி வந்த பிறகுதான் முழுதாகக் கேட்டேன். படிக்குக் கீழே இட்லிக் கடை வைத்திருக்கும் அம்மா, தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்க்கும் அக்கா தங்கை இருவர், என் மனைவி, இந்த நால்வரும்தான் இறக்கியிருக்கிறார்கள். சாவி என் பையில் ஊட்டிக்கு வந்துவிட்டதால், முதலில் கொட்டகைப் பூட்டைக் கல்லால் அடித்துப் பார்த்திருக்கிறார்கள். நல்ல பூட்டு, உடையவில்லை. இட்லிக் கடையிலிருந்து ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவந்து, துணி காயப்போடும் கழிகளைப் பழைய சேலையால் அதில் கட்டி, இரண்டு இடத்தில் இளைப்பாறி, இறக்கிவிட்டார்கள். பிளாஸ்டிக் என்பதால் எங்களுடையதில் பாதி கனம்கூட இல்லையாம்.

தபால்காரர் பிழைத்துக்கொண்டதில் சந்தோஷம்தான். ஆனால் அதற்குப் பிறகு யாரும் எங்களைக் கூப்பிடவில்லை. நேரே இட்லிக் கடைக்குப் போனார்கள். நான் கொட்டகைச் சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஆபீஸ் விட்டு வரும்போதெல்லாம் அந்தக் கடைப் பக்கம் பார்க்காமல் படியேறினேன். பொறாமை என்று அப்போது ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

இறுதி அறிக்கையில் சாதனை என்று ஒரு பகுதி இருந்தது. எழுத வேறொன்றும் இல்லாததால் உண்மையையே எழுதினேன்: நாங்கள் எவரும் இல்லாதபோதும் நோயாளி பத்திரமாக இறக்கப்பட்டார். ஒரு வாரத்தில் பயிற்சி தந்த பெண் போனில் கூப்பிட்டார். இத்தனை வருஷத்தில் தாங்குதிறன் இவ்வளவு சீக்கிரம் வேர்விட்ட அமைப்பைத் தான் பார்த்ததில்லை என்றார். அறக்கட்டளையின் செய்திமடலில் ஏழு ஆண்களின் படமும் வந்தது, ஸ்வெட்டரோடு. அந்தப் பெண்கள் பதிவு பெற்ற அமைப்பு இல்லை என்பதால் அவர்கள் படத்தைப் போட வழியில்லையாம்.

அவர்களையும் பதிவு செய்யச் சொல்லுங்கள், அடுத்த சுற்றில் நிதி தரலாம் என்று அறக்கட்டளை சொன்னது. ஒரு ஞாயிறு காலை இட்லிக் கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே அந்த அம்மா ஒரு ஈடு இட்லியை எடுத்து முடித்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டார்.

"வேண்டாமுங்க. எங்களையும் ஊட்டிக்குக் கூட்டிட்டுப் போயிருவாங்க. அப்புறம் யாருங்க தூக்கறது?"

இரண்டு இட்லி வைத்துக் கொடுத்தார், சாப்பிட்டேன். இதை அப்படியே அறக்கட்டளைக்கு எழுதி அனுப்ப முடியுமா? பரிசீலனையில் உள்ளது என்று எழுதி அனுப்பினேன்.