கையை அறுக்காத கம்பி

என் வலது கை விரல்களில் வெடிப்பு வந்ததற்குக் காரணம் பேஸ் கிற்றார் அல்ல. நான் ஆஸ்பத்திரியில் ஆண் தாதி. ஒரு நோயாளியை விட்டு அடுத்தவரிடம் போகும்போதெல்லாம் கையைக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் ஸ்பிரிட் தடவ வேண்டும். ஒரு நாளில் எத்தனை தடவை என்று நான் எண்ணியதில்லை. தோல் முதலில் வெளுத்தது, பிறகு காய்ந்தது, பிறகு தண்ணீர் நிறுத்திய வயலைப் போல வெடித்தது. ஆனால் அந்த வெடிப்பிலிருந்து இரத்தம் வரவைத்தது பேஸ் கிற்றார்தான்.

சாய்ந்தமருதில் இருக்கும் நான் சனி ஞாயிறுகளில் காரைதீவு இசைக்குழு ஒன்றில் பேஸ் வாசிக்கிறேன். கலியாண வீடு, கோயில் திருவிழா, பாடசாலை விழா என்று கூப்பிட்ட இடமெல்லாம் போவோம். பாட்டுக்கு அடித்தொனி கொடுக்கும் பேஸுக்கு நான்கே கம்பிகள், நான்கும் தடித்தவை. கடைகளில் கிடைக்கும் கம்பியை உற்றுப் பார்த்தால் நடுவில் ஓர் எஃகு நரம்பும், அதைச் சுற்றி நெருக்கமாக உருண்டைக் கம்பியும் இருக்கும். விரலை அதன்மேல் இழுத்தால் அரத்தில் இழுத்தது போலிருக்கும். எங்கள் கடற்காற்றின் உப்பு அந்தச் சுற்றுகளுக்கு இடையில் போய் உட்கார்ந்து, இரண்டு மாதத்தில் துருவாகிவிடும். வெடித்த விரலோடு துருப்பிடித்த அரத்தை மூன்று மணி நேரம் தேய்ப்பதுதான் அப்போது என் சனிக்கிழமை.

எங்கள் ஆஸ்பத்திரியின் தோல் டொக்டர் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கழுவுறது, வாசிக்கிறது, ரெண்டில ஒண்டக் குறைக்கணும். வேலைய விடுங்க எண்டு நான் சொல்லேலாது,” என்றார்.

“ஓம் டொக்டர்,” என்றேன். குறைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. அன்று பின்னேரமே கம்பியை அடிக்கும் இரண்டு விரல்களிலும் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு ஒத்திகைக்குப் போனேன்.

குழுவின் தலைவர் காரைதீவைச் சேர்ந்த கணித ஆசிரியர். கீபோர்ட் வாசிப்பவர். என்னைவிட ஐந்தாறு வயது கூடியவர் என்பதால் நான் அவரை அண்ணன் என்பேன். அன்றைய ஒத்திகையைத் தன் போனில் பதிவு செய்து, முடிந்ததும் எல்லாருக்கும் போட்டுக் காட்டினார். ஒவ்வொரு தடவையும் என் இடது கை கம்பியின் மேல் இடம் மாறும்போது ‘கீச்’ என்று ஒரு சத்தம். வலது கையில் பிளாஸ்டர் இருந்ததால் சில அடிகள் பலமாகவும் சில அடிகள் காணாமலும் போயிருந்தன.

“தம்பி, பாட்டுக்குள்ள எலி ஓடுது,” என்றார் அண்ணன். மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. எல்லாரும் வெளியே போன பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “குறை நினைக்காத. பாண்டிருப்பில ஒரு பெரிய கலியாணம் வருகுது, இன்னும் மூணு மாசம் இருக்கு. அதுவரைக்கும் பாப்பம். சரி வராட்டி பேஸை நானே கீபோர்ட்டில இடக்கையால வாசிச்சிடுவன்.”

அவரால் முடியும். இந்தப் பக்கத்தில் பாதிக் குழுக்கள் பேஸ் வாசிப்பவரை அப்படித்தான் நிறுத்தின. மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வரும்போது அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அவர் சொன்னது சரி என்று எனக்கே தெரிந்தது.

அந்த வாரம் ஆஸ்பத்திரி வாட்டின் தேநீர் அறையில் இருந்து, கம்பியைப் பற்றிக் கிடைத்த வீடியோக்களையெல்லாம் பார்த்தேன். அப்படித்தான் ‘பிளாட்வவுண்ட்’ என்ற சொல்லை முதன்முதலாகக் கேட்டேன். அதில் உருண்டைக் கம்பிக்குப் பதிலாக நாடா போன்ற தட்டைக் கம்பியைச் சுற்றியிருப்பார்கள். மேற்பரப்பு வழவழவென்று இருக்கும். உப்பு போய் உட்கார இடமில்லை, கீச்சுச் சத்தமும் இல்லை. ஆனால் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் விசாரித்த கடைகளில் எவரும் அதைக் கண்டதில்லை. ஒரு கடைக்காரர், “கம்பியெண்டா கம்பிதானே,” என்று சொல்லிவிட்டு வேறு ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

என் மனைவி வீட்டில் சட்டை தைப்பவள். நான் போனில் படங்களைக் காட்டிக் காட்டிக் கதைத்ததைக் கேட்டுக்கொண்டே துணி வெட்டினாள்.

“இஞ்சருங்க, துணிய நான் தொட்டுப் பாக்காம எடுக்கிறல்ல. நீங்க படத்தப் பாத்து எப்பிடி எடுக்கப் போறீங்க?” என்று கேட்டாள். “ஆராவது வெச்சிருப்பாங்க. தேடிப் போய்த் தொட்டுப் பாருங்க.”

தேடினேன். மட்டக்களப்பில் ஒரு தேவாலயத்தில் பேஸ் வாசிக்கும் பெண்ணொருவர் அந்தக் கம்பியைத்தான் போட்டிருக்கிறார் என்று எங்கள் டிரம்ஸ்காரர் கேள்விப்பட்டுச் சொன்னார். அந்தப் பெண் வங்கியில் வேலை செய்பவர். போன் எடுத்துப் பேசினேன். “சனிக்கிழமை காலையில வாங்க, மண்டபம் திறந்திருக்கும்,” என்றார்.

பஸ்ஸில் போனேன். அந்த மண்டபத்தில் அவர் தன் கிற்றாரைத் தயங்காமல் என் மடியில் வைத்தார். முதலில் வாசிக்கவில்லை, கம்பியை மட்டும் தடவிப் பார்த்தேன். கண்ணாடியைத் தடவியது போல் இருந்தது. பிளாஸ்டரைப் பிய்த்தேன். வெடித்த விரலாலேயே மிகத் தடித்த கம்பியை அடித்தேன். வலிக்கவில்லை. இன்னொரு தடவை அடித்தேன். பிறகு எனக்குத் தெரிந்த பாட்டுகளையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தேன். அவர் கதிரையில் இருந்து பொறுமையாகக் கேட்டார்.

“இது போட்டு ஆறு வருஷம்,” என்றார். “மாத்தவே இல்ல. ஆனா உங்களுக்கு இதே கம்பி எடுக்காதீங்க. இது இழுவை கூடினது. உங்கட கிற்றார் பழசு எண்டு சொன்னீங்க, கழுத்து வளைஞ்சிடும்.”

ஒரு கடதாசியில் எனக்காக எழுதியும் தந்தார். இரண்டு வகை உண்டு: எஃகு நாடா சுற்றியது ஒன்று, கறுப்பு நைலோன் நாடா சுற்றியது மற்றது. நைலோன் விரலுக்கு இன்னும் மென்மை. ஆனால் தடிப்பு அதிகம், கழுத்தின் நுனியில் கம்பி பதியும் பள்ளங்களை அராவி அகலமாக்க வேண்டும். அராவினால் பழையபடி ஆக்க முடியாது. அடுத்தது நீளம். இந்தக் கம்பியின் நுனியில் நிற நூல் சுற்றியிருக்கும்; வாசிக்கும் பகுதிக்குள் அந்த நூல் வந்தால் சத்தம் செத்துவிடும். கடைசியாக ஒன்றைச் சொல்லி அதன் கீழே இரண்டு கோடு போட்டார்: வெட்டுவதற்கு முன் கம்பியைக் கூர்மையாக மடிக்க வேண்டும். மடிக்காமல் வெட்டினால் நாடா உள்ளே நழுவி, கம்பி ஒன்றுக்கும் உதவாது.

வீட்டில் மனைவியின் அளவு நாடாவால் கிற்றாரை, கம்பிகள் தொடங்கும் பாலத்திலிருந்து கழுத்தின் நுனி வரை மூன்று தடவை அளந்தோம். நான் சொன்ன அளவை அவள் நம்பவில்லை, தானே அளந்தாள். நைலோனை விட்டேன். எஃகு, இழுவை குறைந்தது, நீளம் கூடியது என்று முடிவெடுத்தேன். அவளுடைய தம்பி கட்டாரில் வேலை செய்கிறான். லீவில் ஊருக்கு வர ஒரு மாதம் இருந்தது. அவன் தன் ஓய்வு நாளில் தோஹாவில் ஒரு கடைக்குள் நின்றுகொண்டு வீடியோ கோல் எடுத்தான்.

“மச்சான், பெட்டி எல்லாம் ஒரே மாதிரி இரிக்கி. கடக்காரன் இதத்தான் எடு எண்டு செல்றான்.”

“பெட்டிக்குப் பின்னால என்ன எழுதியிரிக்கி, வாசி,” என்றேன்.

வாசித்தான். அது நீளம் குறைந்த கிற்றாருக்கானது. அடுத்த பெட்டி சரியான நீளம், ஆனால் இழுவை கூடியது. அவன் கைகளில் ஆறு பெட்டிகள் மாறின. ஏழாவதை அவன் எழுத்தெழுத்தாக வாசிக்க வாசிக்க, நான் கடதாசியில் ஒவ்வொன்றாகச் சரி போட்டேன்.

“அது தான். அத விட்டுராத,” என்றேன்.

அவன் வந்திறங்கியபோது அந்தப் பெட்டி குழந்தைகளின் உடுப்புகளுக்கு நடுவே சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து கம்பி மாட்ட உட்கார்ந்தேன். மனைவி கிற்றாரின் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேருக்கு ஊசி போட்ட கை எனக்கு. அன்று கம்பி வெட்டும் குறட்டை எடுத்துவிட்டுத் திரும்பக் கீழே வைத்தேன். பிழையாக வெட்டினால் இன்னொரு பெட்டிக்கு அவன் மறுபடி லீவில் வர வேண்டும்.

“மறுகா ஒருக்கா அளந்திட்டு வெட்டுங்க,” என்றாள்.

அளந்தேன். மடித்தேன். வெட்டினேன். நாடா நழுவவில்லை. நான்கு கம்பிகளும் ஏறின. கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பியைச் சாவியால் கால் சுற்று திருப்பினேன். கழுத்து நேராக நின்றது. அதுவரைக்கும் எல்லாம் வெற்றி.

ஒத்திகையில் அந்த வெற்றி கரைந்தது. புதுக் கம்பியின் சத்தத்தில் பளபளப்பு இல்லை. ‘டும்’ என்று வந்து உடனே அடங்கியது.

“என்ன தம்பி, தலகணியில அடிக்கிற மாதிரிக் கிடக்கு,” என்றார் அண்ணன். “எலி போனது சரி. பேஸும் சேந்து போயிட்டே.”

எனக்கும் பயம்தான். ஆனால் விரலில் இரத்தம் இல்லை. அன்று மூன்று மணி நேரம் வாசித்தும் நான் ஒரு அடியைக்கூடத் தவறவிடவில்லை. “பாண்டிருப்பு மட்டும் இதோட வாசிக்கிறன் அண்ணன்,” என்றேன். பொறுத்துப் பார்ப்போம் என்றார். ஆனால் கீபோர்ட்டில் இடது கைக்கும் ஒரு பேஸ் சத்தத்தை அவர் தயார் செய்துவைத்தது எனக்குத் தெரியும்.

பாண்டிருப்பில் கலியாண மண்டபத்துக்குத் தகரக் கூரை. முந்தின வருஷம் அங்கே வாசித்தபோது என் பேஸ் கூரையெல்லாம் ஓடித் திரிந்து, ஓர் அடி முடிவதற்குள் அடுத்த அடி வந்து மோதி, பாடுபவருக்குத் தாளமே பிடிபடவில்லை. இந்தத் தடவை நான் ஒலிபெருக்கிப் பெட்டியில் அடித்தொனியைக் குறைத்து நடுத்தொனியை ஏற்றினேன். கம்பிகளுக்கு அடியில், பாலத்தின் ஓரம், மருந்துப் பெட்டியில் வந்த பஞ்சுத் துண்டொன்றைச் செருகினேன். மட்டக்களப்புப் பெண் போனில் சொல்லித்தந்த வழி அது.

முதல் பாட்டு தொடங்கியது. அண்ணன் இரண்டு கைகளாலும் வாசித்தார். அவருடைய இடது கை என் சுரங்களையே கீழே வாசித்துக்கொண்டிருந்தது. இரண்டாவது பாட்டு வேகமான பாட்டு. என் அடி தகரத்துக்குப் போகவில்லை. விழுந்த இடத்திலேயே விழுந்து, அடுத்த அடிக்கு இடம் விட்டது. டிரம்ஸ்காரர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அவருடைய காலும் என் விரலும் ஒரே ஆளுடையவை போலச் சேர்ந்தன. மண்டபத்தின் பின்பக்கத்தில் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்த பெண்கள் இருவர் தட்டோடு நின்று தோளை ஆட்டினார்கள். மாப்பிள்ளையின் கூட்டாளிகள் எழும்பினார்கள். பிறகு கதிரைகளை ஓரம் தள்ளினார்கள்.

நான் அண்ணனைப் பார்த்தேன். அவருடைய இடது கை கீபோர்ட்டிலிருந்து எழும்பியது. சற்று நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு மடியில் போய் இறங்கியது. பாட்டு முடியும்வரை அது அங்கேயே இருந்தது. அடுத்த பாட்டிலும் அப்படித்தான். மேலே வலது கையால் மட்டும் வாசித்தபடி கண்ணை மூடிக்கொண்டார். என் நெஞ்சு நிறைந்துபோனது. அன்று நான் வாசித்தது போல் அதற்கு முன் வாசித்ததில்லை.

சாமான்களைக் கட்டும்போது அவர் என் பக்கத்தில் வந்தார். என் வலது கையைப் பிடித்து விரல்களைப் பார்த்தார். தோல் காய்ந்துதான் இருந்தது, ஆனால் கிழியவில்லை.

“தலகணி எண்டு சொன்னன் என்ன,” என்றார்.

“ஓம், சொன்னீங்க.”

“பிழையாச் சொல்லிட்டன். திருக்கோவில்ல அடுத்த மாசம் புரோகிராம் இருக்கு. ரெண்டாவது பாட்ட உன்ட பேஸால தொடங்குவம். நீ மட்டும். நாங்க பொறகு வாறம்.”

இசைக்குழுவில் சேர்ந்து பதினோரு வருஷத்தில் ஒரு பாட்டை நான் தனியே தொடங்கியதில்லை. வீட்டில் மனைவியிடம் சொன்னதும் தையல் மெஷினை நிறுத்திவிட்டு, “நானும் வாறன்,” என்றாள்.

திருக்கோவிலில் மேடை கடலுக்குப் பக்கத்தில். பொழுது சாயும் நேரம். முதல் பாட்டு முடிந்ததும் அண்ணன் மற்றவர்களுக்குக் கையைக் காட்டினார். எல்லாரும் பொறுத்து நின்றார்கள். காற்றும் அலையும் மட்டும் கேட்டன. நான் தடித்த கம்பியில் தொடங்கினேன், எட்டு அடி, மறுபடி அதே எட்டு. முதலில் சனம் கதைத்துக்கொண்டுதான் இருந்தது. மூன்றாவது சுற்றில் முன்வரிசையில் யாரோ கைதட்டத் தொடங்கினார்கள், என் அடியிலேயே. அது பின்னுக்குப் பரவியது. நான்காவது சுற்றில் டிரம்ஸ் வர வேண்டும். வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். டிரம்ஸ்காரர் குச்சிகளைத் தூக்கிப் பிடித்தபடி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் ‘பொறு’ என்று கையை விரித்து, என்னைப் பார்த்து இன்னும் வாசி என்று தலையாட்டினார்.

வாசித்தேன். கடற்கரை முழுவதும் கை தட்டிக்கொண்டு நின்றது.