சாவி கடையநல்லூரில், வண்டி தென்காசியில்

தென்காசி கார் ஷோரூமில் சர்வீஸ் அட்வைசராக எத்தனையோ போன்களை எடுத்திருக்கிறேன். பாத்திமாவின் போனை இன்று நினைத்தாலும் படபடப்பு வந்துவிடும்.

"மேடம், கடையநல்லூர்லருந்து வந்துட்டு இருக்கோம். சாவி இல்லைன்னு வண்டி காட்டுது. ஆனா ஓடுது."

துபாய் கிளம்பும் கணவர் ஜாபரை திருவனந்தபுரத்தில் விமானம் ஏற்ற பாத்திமாவே ஓட்டி வந்தார். ஜாபருக்கு அன்றோடு விசா முடிகிறது. விமானத்தை விட்டால் வேலை போச்சு. ஏசி குளிரட்டும் என்று வண்டியை ஸ்டார்ட் செய்த ஜாபரின் தம்பி யூசுப், சாவியைச் சட்டைப்பையில் போட்டபடியே இறங்கி அண்ணனைக் கட்டிப்பிடித்திருக்கிறார். வழியனுப்ப வந்த தெருவே அழுததில் வண்டியின் பீப் சத்தம் யார் காதிலும் விழவில்லை.

பட்டன் ஸ்டார்ட் வண்டி கிளம்பும்போதுதான் சாவியைத் தேடும். உள்ளே இருக்கும் ஆன்டெனா கூப்பிடும், சாவி ரகசிய கோடில் பதில் சொல்லும். ஓட ஆரம்பித்தபின் சாவி இல்லாவிட்டாலும் நடுரோட்டில் நிற்காது, எச்சரிக்க மட்டும் செய்யும்.

"எஞ்சினை ஆஃப் பண்ணாம நேரா இங்கன வாங்க. சாவியோட யூசுப்பை பைக்ல வரச் சொல்லுங்க" என்றேன்.

வந்தார்கள். பாத்திமா என்னிடம் பேச இறங்கியதும், பக்கத்து சீட்டிலிருந்த ஜாபர் கையை நீட்டி பட்டனை அமுக்கிவிட்டார்.

"ஆஃப் பண்ணக் கூடாதுன்னு சொன்னாங்கல்லா?" என்று பாத்திமா பதறினார்.

"சும்மா நின்னா டீசல்லா போகுது" என்றார் அந்த மனிதர். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

சாரல் மழையாக வலுத்தது. யூசுப் தொப்பலாக நனைந்து வந்து சேர்ந்தார். சாவியிலிருந்தும் தண்ணீர் சொட்டியது. பட்டனை அமுக்கினால் வண்டி அசையவே இல்லை.

"அண்ணன் பொழப்பை நாந்தான் கெடுத்துட்டேன்" என்று யூசுப் அழுதேவிட்டார்.

"தண்ணி பட்டு சாவியோட பேட்டரிதான் போயிருக்கும். சாவியையே பட்டன்மேல ஒட்டி வச்சு, பிரேக்கை மிதிச்சு அமுக்குங்க" என்றேன் பாத்திமாவிடம்.

சாவிக்குள் பேட்டரி தேவைப்படாத சின்ன சிப் ஒன்றும் இருக்கிறது. பட்டனைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் கொடுக்கும் சக்தியிலேயே அது பதில் சொல்லிவிடும்.

பாத்திமா ஒட்டி வைத்து அமுக்கினார். எஞ்சின் பிடித்துக்கொண்டது. நான் கைதட்டினேன், ஷோரூமே சேர்ந்து கைதட்டியது.

இப்போதெல்லாம் புது வண்டி டெலிவரி கொடுக்கும்போது, பேட்டரி கழற்றிய சாவியைத் தந்து, ஓட்டத் தெரிந்த எல்லோரையும் ஸ்டார்ட் செய்யவைக்கிறேன். அன்று கற்ற பாடம் அது.

அன்று மாலையில் பாத்திமா ஏர்போர்ட்டிலிருந்து கூப்பிட்டார்.

"அவுக ஏறிட்டாக மேடம். அழுதுட்டே வண்டில உக்காந்திருந்தேன். பெறவு நானே சாவியை ஒட்டி வச்சேன். ஸ்டார்ட் ஆயிட்டு. தனியாத்தான் வாறேன், பயமில்லை."