இருபது மடி ஓடிய கார்

சந்தானத்தின் மொபெட்டை உத்திரமேரூர் சாலையில் சைக்கிள்காரர்கள் மணியடித்து முந்திப் போவார்கள். அப்பேர்ப்பட்டவரிடம்தான் கார் பந்தயக் கட்டுரை ஒன்று தர மதிப்பீட்டுக்கு வந்து சேர்ந்தது.

பகலில் அவர் ஓர் அலுவலகத்தில் உதவியாளர். அங்கே மேலதிகாரி சொல்லுக்குத் தலையாட்டுவார், வீட்டில் மனைவி ஸ்ரீரஞ்சனி சொல்லுக்கு. அவர் சொல்லுக்கு மற்றவர் தலையாட்டும் இடம் இணையத்திலிருக்கும் ஒரு தமிழ்க் கலைக்களஞ்சியம் மட்டும்தான். அங்கே அவர் மதிப்பீட்டாளர். அவர் ‘சரி’ என்றால்தான் கட்டுரை முதல் பக்கம் ஏறும். கீழே அவர் பெயரும் வரும். அந்தப் பெயருக்காகச் சாப்பாட்டை மறந்த நாளெல்லாம் உண்டு.

கட்டுரையை எழுதியவள் திருமுக்கூடல் வளர்மதி. இருங்காட்டுக்கோட்டை வெயிலில் நின்று பந்தயத்தைப் பார்த்துவிட்டு வந்து எழுதியிருந்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. குறையே இல்லாவிட்டால் மதிப்பீட்டாளர் எதற்கு? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார். அகப்பட்டது. ‘தகுதிச் சுற்று’ என்று ஓரிடத்தில், ‘இருபது சுற்று ஓடினார்’ என்று இன்னோரிடத்தில். இரண்டுக்கும் ஒரே சொல்லா? வாசகர் குழம்பிவிட மாட்டாரா? ஆங்கிலத்தில் ஓடுகிற சுற்றுக்கு ‘லேப்’ என்று தனிச்சொல்லே இருக்கிறது. அகராதியைத் திறந்தார். முதல் பொருள் ‘மடி’, குழந்தையை உட்காரவைத்துக் கொஞ்சுகிற மடி. இரண்டாவது பொருளைப் பார்க்க அவருக்குப் பொறுமையில்லை. வளர்மதி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தம் கையாலேயே ஓடிய சுற்றையெல்லாம் மடியாக்கி, முதல் பக்கத்துக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்.

காலையில் ஸ்ரீரஞ்சனி அதைக் கைப்பேசியில் படித்தாள்.

“பத்தாவது மடியில சறுக்கினாராம், பதினோராவது மடியில தேறினாராம், கடைசி மடியில ஜெயிச்சாராம். ஏன்னா, இப்படி மடி மடியா மாறிண்டிருக்காரே, அவராத்துல கேக்கறவா யாருமில்லையா?”

சந்தானம் காபியை வைத்துவிட்டுக் கைப்பேசியை வாங்கிப் பார்த்தார். கட்டுரைக்குக் கீழே அவர் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. கட்டிக்காத்த பேர் கப்பலேறிவிடுமே! வளர்மதிக்குப் போன் போட்டார்.

“ஏம்மா, நீங்களே சத்தம் போடாம பழையபடி மாத்திடுங்கோ. எழுதினவாளே மாத்தினா யாரும் கேக்கமாட்டா.”

“மாத்தறேன் சார். ஆனா எதை மாத்துனாலும் காரணம் எழுதணும்னு நீங்கதானே சொல்லிக்கினு இருப்பீங்க. இன்னான்னு எழுதறது? சந்தானம் சார் சொன்னாருன்னா?”

வேண்டாம் என்று வைத்துவிட்டார். தாமே உட்கார்ந்து ஒவ்வொரு மடியையும் மறுபடி சுற்றாக்கினார். காரணம் கேட்கும் கட்டம் காலியாக நின்றது. ‘என் தவறு’ என்று இரண்டே சொல் எழுதியிருக்கலாம். அவமானம் பிடுங்கித் தின்றது, விரல் போகவில்லை. ‘எழுத்துப்பிழை திருத்தப்பட்டது’ என்று போட்டுவிட்டு அலுவலகம் கிளம்பினார்.

மாலையில் வந்து பார்த்தபோது அதற்குக் கீழே வளர்மதி மிகுந்த மரியாதையோடு ஒரு கேள்வி வைத்திருந்தாள்: “ஐயா, ‘சுற்று’ என்பதில் எந்த எழுத்து பிழைத்தால் ‘மடி’ வரும்?”