சின்னன் காணும்

காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துப் போகும் வீட்டு வண்டியான கரவனை முதல் முறை வாங்கப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: யார் யார் அதில் படுக்கப் போகிறீர்களோ அத்தனை பேரும் போய்ப் பாருங்கள். ஒருவரை வீட்டில் விட்டுவிட்டுப் போய் வாங்காதீர்கள்.

ஓஸ்லோவில் கரவன் திருத்தும் ஒரு பட்டறையில் வேலை செய்கிறேன். அடிப்படைப் பள்ளிக்கூடத்தோடு படிப்பை விட்டவன். நாலு பேர் முன்னால் கதைக்கக் கூச்சப்படுவேன், எழுதுவது கொஞ்சம் பரவாயில்லை. இப்போது எங்கள் தமிழ் ஆட்களும் கோடை விடுமுறைக்கென்று கரவன் வாங்கத் தொடங்கிவிட்டார்கள். வாங்குவதற்கு முன் எனக்குப் போன் எடுக்கிறார்கள்.

தெரிந்ததைச் சொல்வேன். பூட்டிக் கிடந்த கதவைத் திறந்தவுடன் மணந்து பாருங்கள், ஈர மணம் வந்தால் திரும்பி வாருங்கள். ஜன்னல்களுக்குக் கீழும் மூலைகளிலும் கட்டைவிரலால் அழுத்துங்கள். மெத்தென்று உள்ளே போனால் சுவருக்குள் மரம் உக்கிவிட்டது. டயர் புதிது போலத் தெரிந்தாலும் அது எப்போது செய்த டயர் என்று பாருங்கள். வருடத்தில் முக்கால்வாசி நின்ற இடத்திலேயே நிற்கும் வண்டியின் டயர் ஓடாமலே கிழடாகிவிடும். உங்கள் கார் எவ்வளவு பாரத்தை இழுக்கலாம் என்று காரின் பத்திரத்தில் பாருங்கள். பிறகு சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் நீட்டி நிமிர்ந்து படுங்கள். விற்கிறவர் சிரித்தால் சிரிக்கட்டும்.

"ஏனண்ணை எல்லாரையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுறியள்?" என்று சிலர் கேட்பார்கள்.

"ஆளுக்கு ஆள் உயரம் வித்தியாசம்தானே" என்று சொல்லிச் சமாளித்துவிடுவேன்.

உண்மையில் நான் பத்து வயதில் பார்த்த ஒரு வியாபாரத்திலிருந்துதான் அந்தப் புத்திமதி வந்தது. அப்பா கரவன் வாங்கப் போனபோது அம்மா வரவில்லை. அந்தக் கரவனில் நாங்கள் மூன்று பேரும் ஒரு பயணமும் போகவில்லை.

அப்போது நாங்கள் ஓஸ்லோவின் ரொம்சோஸ் பகுதியில் இருந்தோம். அதற்கு முன் நோர்வேயின் வடகோடியில், பாட்ஸ்பியோர்ட்டில். அங்கே அப்பாவும் அம்மாவும் ஒரே மீன் தொழிற்சாலையில் வேலை செய்தார்கள். ஓஸ்லோவுக்கு வர விரும்பியது அம்மா. அப்பா விரும்பவில்லை, ஆனாலும் வந்தார். என் காதில் விழுந்த சண்டைகளெல்லாம் அதிலிருந்து தொடங்கியவைதான். வேறு காரணங்களும் இருந்திருக்கும். அவற்றை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பனி கொட்டிய அந்த மாரி முழுவதும் அவர்கள் ஒருவரோடொருவர் நேரே கதைக்கவில்லை. சண்டை நின்று மௌனம் வந்தபோது நல்லதென்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தால் எல்லாக் கதையும் என் வழியாகப் போய்வரத் தொடங்கியது.

"அப்பாட்டைச் சொல்லு, சாப்பாடு போட்டாச்சு எண்டு" என்பார் அம்மா, குசினி வாசலில் நின்று. அப்பா கை நீட்டினால் தொடக்கூடிய தூரத்தில் சோபாவில் இருப்பார்.

"அம்மாட்டைச் சொல்லு, பிறகு சாப்பிடுறன் எண்டு" என்பார் அவர்.

இரண்டு பேருக்கும் காது நன்றாகக் கேட்கும். என்றாலும் நான் சொல்லி முடிக்கும் வரை காத்திருப்பார்கள். சில நேரம் நானே ஒன்றிரண்டு சொற்களைக் கூட்டிச் சொல்வேன். "கொஞ்சம் பொறுத்துச் சாப்பிடுறாராம், நல்ல வாசமாம்" என்பேன். அம்மா சோற்றுக் கோப்பையை மூடி வைப்பார்.

பனி கரைந்த பிறகு ஒரு நாள் அப்பா கரவன் வாங்கப் போவதாகச் சொன்னார். அதையும் அம்மாவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். "வாங்கட்டும்" என்றார். எனக்கு அந்தரமாயிருந்த அளவு சந்தோசமாகவும் இருந்தது. என் வகுப்பில் நோர்வேஜியப் பிள்ளைகள் கரவனில் போய்வந்த கதைகளைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தக் கதைகளில் எல்லாம் தாயும் தகப்பனும் ஒன்றாகவே இருந்தார்கள்.

பார்க்கப் போனது அப்பாவும் நானும் மாமாவும். மாமா அம்மாவின் தம்பி. கரவன் இழுக்கக் கொக்கி பூட்டிய கார் அவரிடம்தான் இருந்தது. சும்மா இருக்க மாட்டார், வழிநெடுகப் பகிடி விட்டுக்கொண்டே வருவார். அன்று காரில் ஏறியதிலிருந்து அவர் அதிகம் கதைக்கவில்லை.

முதலில் பார்த்தது பழைய கரவன்கள் விற்கும் ஒரு வளவு. அங்கே மாமாவுக்குப் பழைய உற்சாகம் வந்துவிட்டது. நீளமான ஒன்றைக் கண்டு உள்ளே ஏறினார். பின்பக்கம் பெரிய கட்டில், பக்கத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு சின்னக் கட்டில்கள்.

"அத்தான், வீடு மாதிரிக் கிடக்கு. நீங்களும் அக்காவும் அங்காலை, பெடியன் மேலை. நான் வந்தால் கீழ்க்கட்டில் எனக்கு. குறட்டை மட்டும் விடமாட்டன்."

அப்பா வாசற்படியில் நின்றபடியே உள்ளே பார்த்தார். "சின்னன் காணும்" என்றார். சின்னதே போதுமாம்.

"சின்னனிலை எப்பிடி அத்தான் மூண்டு பேர்?"

"சின்னன் காணும்" என்று அப்பா மறுபடியும் சொன்னார். விற்கிறவரிடம் ஒரு கேள்விதான் கேட்டார், மாரி காலத்திலும் இதற்குள் இருக்கலாமா என்று. அப்பாவின் நோர்வேஜிய மொழி பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்டும்போது பழகியது, அசல் வடக்குப் பேச்சு. ஓஸ்லோ ஆட்கள் அதைக் கேட்டால் சிரிப்பார்கள். அந்த மனிதரும் சிரித்துவிட்டு, கோடையில் போகத்தானே கரவன் என்றார். அப்பா சிரிக்கவில்லை. மாரியிலும் போகப் போகிறோம் என்று எனக்குள் சந்தோசம் தாங்காத புளுகம்.

இரண்டாவது வண்டி ஓஸ்லோவிலேயே ட்வெய்ட்டாவில், மாடிக்கட்டடத்துக்குப் பின்னால் கார் விடும் இடத்தில் நின்றது. விற்றவர் வயதான ஒரு நோர்வேஜியப் பெண். அவரும் கணவரும் அதில் நாடெங்கும் போயிருக்கிறார்கள். கணவர் இறந்துவிட்டார். சின்ன வண்டி. ஒரு கட்டில், ஒரு மேசை, இரண்டு அடுப்பு, காஸில் எரியும் ஒரு சூடாக்கி. கதவைத் திறந்தபோது கோப்பி மணம் வந்தது.

அந்த முதிய பெண் தன் சாமானைத் தானே பகிடி பண்ணினார். முதல் வருடம் எதைப் பார்த்து வாங்குவது என்றே தங்களுக்குத் தெரியாதாம். சின்னதை வாங்கிவிட்டோமே என்று கவலைப்பட்டார்களாம். பிறகுதான் அதன் நன்மை தெரிந்ததாம். கோபம் வந்தால் எழும்பிப் போய் இருக்க வேறு இடமே இல்லை, மழை பெய்கிற நாளில் கதைத்துத்தான் ஆக வேண்டும் என்றார்.

அந்தச் சொல்லை நான் மனதில் பிடித்துக்கொண்டேன். ரொம்சோஸ் வீட்டில் குசினி இருந்தது, படுக்கையறை இருந்தது, பல்கனி இருந்தது. ஆளுக்கொரு மூலை இருந்தபடியால்தான் நான் நடுவில் ஓடவேண்டி வந்தது. இந்தப் பெட்டிக்குள் மூன்று பேரும் இருந்தால் ஒருவரிடமும் போய்ச் சொல்ல வேண்டியதில்லை. நல்ல மழை ஒன்று பெய்தாலே போதும் என்று நினைத்தேன்.

அப்பா சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் படுத்துப் பார்த்தார். சுவரோடு ஒதுங்கிப் படுக்காமல் நடுவில் மல்லாந்து படுத்தார். கைகளை நெஞ்சில் கோத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். எழும்பி, சூடாக்கியை இரண்டு தரம் கொளுத்தி அணைத்தார். உள்ளிருந்து கதவைப் பூட்டித் திறந்தார்.

மாமா வெளியே நின்று கொக்கியைக் காலால் தட்டிக்கொண்டிருந்தார். அப்பா இறங்கியதும் கிட்டப் போய்க் குரலைத் தாழ்த்தினார். "அத்தான், அந்தப் பெரிசையே எடுங்கோ. ஆருக்குத் தெரியும், பிறகு மனம் மாறினால் இடம் வேண்டாமே?"

அப்பா குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டினார். மாமா என் பக்கம் திரும்பினார். "டேய், நீ சொல்லடா. உனக்கு மேல்கட்டில் வேண்டாமோ? ஏணி எல்லாம் கிடக்கு."

நான் வழக்கமாக ஆட்கள் முன்னால் வாய் திறக்க மாட்டேன். அன்று உடனே சொன்னேன். "இதுதான் நல்லம் மாமா. சின்னன் காணும்."

"கொப்பருக்கு வழக்குப் பேச நீயொரு அப்புக்காத்து வந்திட்டாய்" என்றார் மாமா. பகிடியாகத்தான் சொன்னார், ஆனால் முகம் சிரிக்கவில்லை. அப்பா என் தலையில் கை வைத்தார். வைத்த கையை எடுக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நாங்கள் இருவரும் ஒரே பக்கம் நிற்கிறோம் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா கரவனை இழுத்துக்கொண்டு எங்கள் கட்டடத்துக்குக் கீழே வந்தார். அப்பா அதை ஓஸ்லோ எல்லையில் காட்டோரமாக, கூடாரமும் கரவனும் போட்டுத் தங்கும் ஒரு கம்பிங் இடத்தில் கொண்டுபோய் விடப்போகிறார், அங்கேயிருந்தே வேலைக்குப் போய்வருவார் என்றார்கள். கோயிலிலும் தமிழ்ப் பள்ளியிலும் யாராவது கேட்டால், அப்பா கம்பிங் போயிருக்கிறார் என்று சொல்ல வேண்டும் என்று அம்மா எனக்குச் சொல்லித் தந்தார். அதில் பொய் ஒன்றும் இல்லையே என்று நினைத்தேன். முதலில் அப்பா போய் இடம் பார்க்கிறார், பள்ளிக்கூடம் விட்டதும் நாங்கள் போவோம்.

அப்பா உடுப்புப் பையையும் ஒரு தலையணையையும் கொண்டுபோய் வைத்தார். அம்மா கீழே இறங்கி வந்தார். நான் எதிர்பார்க்கவில்லை. கரவனுக்குள் ஏறி, ஒரு சாப்பாட்டுக் கோப்பை, ஒரு தேத்தண்ணிப் பேணி, ஒரு சட்டி, மிளகாய்த்தூள் போத்தல் எல்லாவற்றையும் சுவர்த் தட்டில் அடுக்கினார். மேசையைத் துணியால் துடைத்தார். சூடாக்கியைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு இறங்கி, அப்பாவுக்கு நேரே வந்து நின்றார்.

"இஞ்சாருங்கோ" என்றார்.

அப்பாவைக் கூப்பிடும் அந்தச் சொல்லை நான் கேட்டு எத்தனையோ மாதம். அப்பா நிமிர்ந்தார்.

"காஸைத் திறந்து வைச்சுக்கொண்டு நித்திரை கொள்ளாதேங்கோ. ஜன்னலைக் கொஞ்சம் நீக்கி விடுங்கோ."

"ஓம்" என்றார் அப்பா. "நீரும் கவனமாயிரும். பெடியனைப் பல் டொக்டரிட்டைக் காட்ட வேணும், மறந்து போகாதையும்."

"ஓம்."

அவ்வளவுதான். இருவரும் நேருக்கு நேராக, மெல்லிய குரலில், கோபமே இல்லாமல் கதைத்தார்கள். என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. மாமா காருக்குள் போய் இருந்து முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவும் காரில் ஏறினார். கார் மெதுவாக வளைவில் திரும்ப, கரவன் அதன் பின்னால் அசைந்து அசைந்து போனது. அது மறைந்த பிறகும் அம்மா துடைத்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

இன்னும் பயணமே தொடங்கவில்லை, மழைகூட வரவில்லை, அதற்குள் கதைத்துவிட்டார்களே என்று எனக்குச் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை. அம்மாவை அங்கே விட்டுவிட்டுப் படிகளில் ஓடி மேலே போய், கோடைப் பயணத்துக்கென்று என் நீந்தும் காற்சட்டையைத் தேடத் தொடங்கினேன்.