ஆடி அமாவாசைச் சோறும் ஐந்து முட்டைகளும்

எள்ளும் தயிரும் பிசைந்த சூடான சோற்றின் வாசனை... அதோடு சதுப்பு நிலத்துச் சேற்று வாடை. ஜூலையில் குளிர்காலம் வரும் இந்தத் தென்கோடி நாட்டில், பொயிண்ட் குக் புறநகரின் குளிரில் அவை இரண்டும் கலந்து மூக்கில் ஏறியது இன்னும் நினைவிருக்கிறது.

அப்போதுதான் மளிகைக் கடை ஆரம்பித்திருந்தேன். ஊரில் அப்பா இறந்தபோது விசா சிக்கலில் போக முடியவில்லை. அமாவாசைக்குக் காக்காவுக்குச் சோறாவது வைப்போம் என்றால், எங்கள் புதுத் தெருவில் ஒரு மரம்கூடக் கிடையாது. காக்கா எங்கிருந்து வரும்?

கஸ்டமர் வராவிட்டால் கஸ்டமர் இருக்கும் இடத்துக்கு நாம்தான் போக வேண்டும். சோற்றை வேனில் வைத்துக்கொண்டு சதுப்பு நிலத்துக்குப் போனேன். வேலிக் கம்பங்களில் வெள்ளைக் கண்ணோடு பெரிய பெரிய காக்காக்கள். இலையை வைத்துத் திரும்புவதற்குள் இறங்கிவிட்டன. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதோடு விட்டிருக்கலாம்... வியாபாரி புத்தி விடவில்லை.

வாழை இலை, எள், வாழைக்காய் எல்லாம் ஒரு பையில் போட்டு 'அமாவாசை செட்' என்று விற்றேன். வாட்ஸ்அப் குரூப்பில் மேப்போடு மெசேஜ் போட்டேன்: "காக்கா கட்டாயம் வரும் இடம்." அடுத்த வருட ஆடி அமாவாசைக்கு அங்கே பத்துப் பன்னிரண்டு கார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

என் கடைக்கு வரும் சிவநேசன் யாழ்ப்பாணத்துக்காரர். குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். லீவு நாட்களில் பறவைகளை எண்ணும் வாலண்டியர். அந்தச் சதுப்பில் ஒரு காட்டு வாத்து ஜோடி இருந்தது. சாம்பல் உடம்பு, இளம்பச்சை அலகு. குளிர்காலத்தில்தான் முட்டையிடும். மூன்று குளிர்காலமாக ஒரு குஞ்சுகூடப் பொரிக்கவில்லை என்று மனிதருக்கு ஒரே கவலை.

அந்த வருடம் அமாவாசைக்குச் சில நாள் முன்பு துள்ளிக்கொண்டு வந்தார். "அண்ணை, ஐஞ்சு முட்டை! இந்த முறை தண்ணி ஏறாத மேட்டில கட்டியிருக்கு."

"உங்க வீட்ல விசேஷம்னாகூட இப்படிச் சிரிக்க மாட்டீங்க போல."

"மனுசி கேட்டா கொல்லுவா, மெல்லக் கதையுங்கோ."

அமாவாசை முடிந்த நான்காம் நாள் மறுபடி வந்தார். முகத்தில் சிரிப்பில்லை. "வாங்கோ அண்ணை, ஒண்டு காட்டோணும்."

பாதையில் நின்று பைனாகுலரில் பார்த்தேன். கூட்டைச் சுற்றி உடைந்த ஓடுகள். மஞ்சள் கரு காய்ந்து ஒட்டியிருந்தது. பெண் வாத்து அந்த வெறும் கூட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தது.

"நரியா?"

"நரியில்லை அண்ணை. காகம். நான் கண்ணால பாத்தனான்."

கரையைக் காட்டினார். காய்ந்த வாழை இலைகள், சோற்றுப் பருக்கைகள்... வேலி முழுக்கக் காக்காக்கள்.

"ஒண்டு ரெண்டெண்டா ஆண் வாத்து கலைச்சுப் போடும். இத்தனையை என்னெண்டு கலைக்கிறது? நீங்கள் விருந்து வைச்சியள். சோறு முடிஞ்சும் அதுகள் போகேல்ல."

அப்பாவுக்கென்று வைத்த சோறு...

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் வந்த நினைப்பு, கடையில் செட் மிச்சம் கிடக்கிறதே என்பதுதான். அடுத்த நொடியில்தான் வெட்கம் வந்தது.

அன்றே செட்டை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டேன். குரூப்பில் மன்னிப்புக் கேட்டு, இனி அங்கே வைக்க வேண்டாம் என்று எழுதினேன். "காக்காவுக்கு வைக்காதேன்னு சொல்ல நீங்க யாரு அண்ணாச்சி? நேத்து வரைக்கும் இலை வித்தவர்தானே?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அமாவாசைக் காலைகளில் நானும் சிவநேசனும் சதுப்பு நிலத்து வாசலில் நின்று, வந்தவர்களைக் கெஞ்சித் திருப்பி அனுப்பினோம்.

அடுத்த இரண்டு வருடம் வாத்துகள் கூடே கட்டவில்லை. அதற்கப்புறம் கட்டியபோதும் முட்டை பொரிக்கவில்லை.

இந்தக் குளிர்காலத்தில்தான் நான்கு குஞ்சுகள்... கறுப்பும் வெள்ளையும் கோடு போட்ட பஞ்சுருண்டைகள். ஆடி அமாவாசைக் காலையில் தாயின் பின்னால் புல் மேய்ந்துகொண்டிருந்தன. சிவநேசனுக்கு அன்று குடோனில் வேலை; நான் தனியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கார் ஒன்று வந்து நின்றது. இளம்பெண், ஊரிலிருந்து வந்து ஆறு மாதம்கூட இருக்காது. கையில் டிபன் பாக்ஸ்.

"அங்கிள், காக்கா கட்டாயம் வர்ற இடம் இதுதானே? எங்க குரூப்ல மெசேஜ் வந்துச்சு."

போனை நீட்டினாள். என் வார்த்தைகள், என் மேப். என் பெயர் மட்டும் இல்லை. பலமுறை ஃபார்வர்ட் ஆனது என்று மேலே போட்டிருந்தது. நான் கேட்ட மன்னிப்பை ஒருவரும் ஃபார்வர்ட் செய்யவில்லை போலிருக்கிறது.

"இதை எழுதினதே நான்தாம்மா. தயவுசெஞ்சு இங்க வைக்காதே," என்று குஞ்சுகளைக் காட்டி எல்லாம் சொன்னேன்.

கேட்டுவிட்டு டிபன் பாக்ஸைத் திறக்காமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். "அப்ப எங்கம்மாவுக்கு எங்க வைக்கிறது அங்கிள்?"

அன்று கேட்காதவர்களுக்கெல்லாம் இடம் சொன்னேன். இன்று கேட்டு நிற்கிறவளுக்குச் சொல்ல என்னிடம் ஓர் இடம் இல்லை.