பழவேற்காட்டுச் சேற்றில் ஒரு விமானம்

முதலில் சத்தம்தான் வந்தது, ஏதோ பெரிய மிருகம் மூச்சை நீளமாக இழுப்பதுபோல. சண்டைக் காலத்து விமானங்களை மீட்டுச் சரிசெய்கிற தொழிலில் எப்போதும் இப்படித்தான். சேறு பிடியை விடுவது காதுக்குக் கேட்கும், அப்புறம்தான் கண்ணுக்கு ஏதாவது தெரியும். நைட் ஷிப்ட் பார்த்து உடம்பைக் கெடுத்துக்கொண்டவர்களுக்குச் சொன்னால் புரியும்.

இடம் காட்டியவர்

அறுபதுகளின் கடைசி. இரண்டாம் உலகப் போரின்போது பழவேற்காடு ஏரியில் விழுந்து கிடந்த விமானத்தை எடுத்துக் காட்சிக்குத் தயார் செய்யும் வேலை எங்கள் முதலாளிக்குக் கிடைத்தது. இடத்தைக் காட்டியவர் ஏழுமலை என்ற மீனவர். தண்ணீரில் ஓர் அடையாளமும் இல்லை. கழியை ஊன்றினார், நேராகத் தகரத்தில் இடித்தது. அந்த இடத்தில் அவர் வலையே போட்டதில்லையாம். வின்ச் இயந்திரம் விமானத்தை மேலே இழுத்தபோது படகில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். வால் மேலே வந்து எல்லாரும் கத்தியபோதும் திரும்பவில்லை.

"வந்துச்சா? நீயே பாத்து சொல்லுபா, நான் பாக்க மாட்டேன்."

கடிகாரம்

கும்மிடிப்பூண்டி ஷெட்டில் ராத்திரி வேலை எனக்கும் வெல்டர் சுப்பையாவுக்கும். விமானத்தின் கடிகாரத்தைப் பிரித்துக் கழுவி மேசையில் வைத்தேன். சாவி கொடுக்கவில்லை. ஆனாலும் நாலு நிமிஷம் ஓடி நின்றது. ஸ்பிரிங்கில் மிச்சமிருந்த முறுக்கு என்று விளக்கினேன். சுப்பையா ஆந்திரா பார்டர்காரன், கேட்கவில்லை.

"இல்ல நைனா, அது இன்னும் ட்யூட்டிலதான் கீது."

இருக்கை

சேற்றைச் சுரண்டச் சுரண்ட விமானியின் இருக்கை தெரிந்தது. ஆள் இல்லை, ஓர் எலும்புகூட இல்லை. பெல்ட் மட்டும் பூட்டியபடியே இருந்தது, இல்லாத ஒருவரை இறுக்கிக்கொண்டு. நான் நானாகவே தொழில் கற்றவன். கழற்றுவதற்கு முன் எது எப்படி இருந்தது என்று எழுதி வைக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. எண்ணெய் விட்டுத் தட்டினேன். 'க்ளக்' என்று திறந்துகொண்டது. அந்தப் பக்கம் படுத்திருந்த சுப்பையா எழுந்து உட்கார்ந்தான்.

"யாருபா அது, எறங்குறது?"

ஏழுமலையின் கேள்வி

அடுத்த வாரம் விளக்கு வைக்கிற நேரத்தில் ஏழுமலை ஷெட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. விமானம் விழுந்த அன்று அவர் படகில் பக்கத்தில்தான் இருந்தாராம். உள்ளேயிருந்து தட்டும் சத்தம் கேட்டதாம். குண்டு வெடித்துவிடும் என்று பயந்து திரும்பி வந்துவிட்டார். பெண்சாதியிடம்கூடச் சொன்னதில்லை.

"பெல்ட்டுனு ஒண்ணு போட்டுக்குவாங்களாமே. அது மாட்டிகினு இருந்துச்சா, அவுந்து இருந்துச்சா? அத்த மட்டும் சொல்லிடுபா."

நான் திறந்துவிட்ட பெல்ட் இருக்கையில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன்.

"அவுந்துதாண்ணே கிடந்துச்சு. ஆளு தப்பிச்சுப் போயிருப்பாரு."

ஒரு நிமிஷம் அவர் முகம் தெளிந்தது. பிறகு மெதுவாக இருண்டது.

"அப்போ மறுநாளு நான் போனப்பகூட தட்டிகினு இருந்துச்சே, அது யாருபா?"

விமானத்தைப் பழுது பார்த்த கையோடு மனுஷனையும் சரிசெய்துவிடலாம் என்று கிளம்பினால் இப்படித்தான் ஆகும். அவர் போன பிறகு துணியை மண்ணெண்ணெயில் நனைத்து, இறக்கையின் போல்ட்டுகளில் விட்ட இடத்திலிருந்து துரு துடைக்க ஆரம்பித்தேன்.